நெற்றிக்குப் போட்ட வேலி

தம்பி முதன்முதலாக அக்காவைப் பார்த்து வாந்தி எடுத்த அன்று, அவள் புதுப்புடவை கட்டியிருந்தாள். மயில்கழுத்து நிறம். அவன் குணமாகி வெளியே வருகிற நாளுக்கென்றே எடுத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தது. மறுவாழ்வு மையத்தின் வாசலில் ரெமிஜா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாள். ஜெரோனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது, கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. "நல்லா இருக்கியாலே ராசா?" என்று கேட்டுக்கொண்டே, அவர்கள் வீட்டு வழக்கப்படி வலது கைப் பெருவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். குறுக்குக் கோடு முடியவில்லை, அதற்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். காலையில் தின்ற இட்லி அத்தனையும் மயில்கழுத்தில் வந்து விழுந்தது.

"சாப்பாடு சேரல போல" என்று ரெமிஜா முந்தானையாலேயே அவன் வாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, சிலுவையைப் பாதியில் விட மனசு வராமல் மறுபடியும் விரலைக் கொண்டுபோனாள். அவன் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"தொடாதக்கா! கைய எடு! ஏசுவே, இவளக் கைய எடுக்கச் சொல்லுங்க!"

சொந்த அக்காவை 'இவள்' என்கிறான். பெற்றவள் போன பிறகு சோறு ஊட்டி, காய்ச்சலென்றால் கண் விழித்து, அவனைக் கரையேற்றிவிட்டுத்தான் மற்றது என்று கல்யாணத்தையே தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டதிலேயே வயதும் போய்விட்ட அக்காவை. ரெமிஜாவுக்கு நடுத்தெருவில் அறை வாங்கியது போல இருந்தது.

ஜெரோன் கெட்டுப்போன கதை தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதொன்றும் இல்லை. கடல் வழியாகக் கைமாறுகிற ஹெராயினில் கொஞ்சம் கரையிலும் சிந்தும். சிந்துகிற இடத்தில் இளவட்டங்கள் நிற்பார்கள். தூள் என்றால் அவர்களுக்குப் புரியும். சாயங்காலம் ஆனால் உப்பளத்துப் பக்கம் இடிந்து கிடக்கும் கொட்டகையில் கூடுவார்கள். ஜெரோனும் போவான். போகும்போது வாசலில் நின்று அக்காவிடம் நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் போவான், அதுதான் கொடுமை.

அந்த வீட்டில் யாரும் நெற்றியில் சிலுவை வாங்காமல் படி இறங்கியது கிடையாது. கடலுக்குப் போகிறவன் உயிரோடு திரும்ப வேண்டுமே என்று என்றைக்கோ தொடங்கிய பழக்கம். இப்போது டியூஷனுக்குப் போகிறவனுக்கும் உண்டு, கடைக்குப் போகிறவனுக்கும் உண்டு. தூளுக்குப் போகிறவனுக்கு உண்டா? ரெமிஜாவுக்கு முதலில் விஷயம் தெரியாது. தெரிந்த பிறகு அழுது பார்த்தாள், காலில் விழுந்து பார்த்தாள், அறைக்குள் போட்டுப் பூட்டியும் பார்த்தாள். அவன் சுவரில் தலையை முட்டி ரத்தம் வரவழைத்தான். கடைசியில் அவளே கதவைத் திறந்து, செத்துத் தொலையாமல் வந்து சேரட்டும் என்று சிலுவை போட்டு அனுப்பினாள். வருஷக்கணக்கில், சாயங்காலம் தவறாமல், அவள் கையாலேயே.

ஒருநாள் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. இந்தக் காலத்து நீதிமன்றம் ஒரு சலுகை தருகிறது. ஜெயிலா, சிகிச்சையா என்று கேட்கும். சிகிச்சை என்றதும் டாக்டர் ஆவுடைநாயகத்திடம் அனுப்பினார்கள். திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் பேச்சில் சர்க்கரை தடவத் தெரியாதவர்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு பழைய வழி. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. தெனமும் ஆஸ்பத்திரிக்கு வந்து நர்சு முன்னால வச்சுக்கிடணும். நடுக்கம் நிக்கும், தூளு தேடுறது கொறையும். கூடவே உக்காந்து பேசுறதுக்கும் ஆளு உண்டு. மெதுவாத்தான் நடக்கும், வருசக்கணக்குல ஆகும். ஆனா வேலைக்குப் போவான், சாப்புடுவான், உசுரோட இருப்பான்."

"அந்த மாத்திரையும் போதைதான டாக்டர்? போதைக்குப் போதையா?"

"சர்க்கரைக்கு ஊசி போடுதவன நாம போதக்காரன்னா சொல்லுதோம்? இது மருந்தும்மா."

"தெனமும் அந்த வரிசையில போய் நிப்பானா? எங்க தெருவே அந்த வழியாத்தான் மார்க்கெட்டுக்குப் போகும் டாக்டர். மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?" என்றாள் ரெமிஜா. "இன்னொரு வழி என்னன்னு சொல்லுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலின்னு பேரு. காதுக்குப் பின்னால புளியங்கொட்டத் தண்டிக்கு ஒரு கருவி வைப்போம். மண்டைக்குள்ள தூளுக்கு ஏக்கம் கெளம்புனா அதுக்குத் தெரியும். மொதல்ல ஒங்க தவக்காலம் அளவுக்கு, நாப்பது நாளு சும்மா இருந்து படிக்கும். எதப் பாத்தா ஏக்கம் வருது, எத மோந்தா வருது, எதத் தொட்டா வருதுன்னு படிச்சு வச்சுக்கிடும். பொறவு அது எதுக்க வந்தாலே கொடலப் பொரட்டி எடுத்துரும். ஆளு அந்தப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டான்."

"அப்போ ஏக்கம் போயிருமா?"

"போகாது. வேலி போட்டா மாடு உள்ள வராது, அவ்வளவுதான். மாடு செத்தா போச்சு? வெளிய நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். நான் மாத்திரையத்தான் சொல்லுவேன். அப்புறம் ஒங்க இஷ்டம்."

இஷ்டம் என்று ஒன்றை ரெமிஜா கையில் கொடுத்தால் அவள் எதை எடுப்பாள்? அவளுக்கு வேண்டியது தம்பி, அதுவும் சீக்கிரம், அதுவும் தெருவுக்குத் தெரியாமல். பக்கத்து வீட்டு பிலோமி சித்தி வேறு, "ஒரே வெட்டா வெட்டி விடுட்டி, தெனமும் மாத்திர முழுங்கி எந்தக் காலத்துல முடிய?" என்று தூபம் போட்டாள். வேலி என்று முடிவாயிற்று.

மையத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. வேலி படிக்கிற நாட்களில் வீட்டு ஆட்கள் உள்ளே வரக் கூடாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னார். உள்ளே அவர்கள் தூள் பொட்டலம், ஊசி, உப்பளத்துக் கொட்டகையின் படம் என்று ஒவ்வொன்றாக அவனுக்குக் காட்டி வேலிக்குப் பாடம் நடத்தினார்கள்.

ரெமிஜா ஒரு வாரம் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளை நெற்றி காலியாகக் கிடக்கிறதே! சாயங்கால நர்ஸ் மணப்பாட்டுப் பெண், அவளும் வேதக்காரி. "வேற ஒண்ணும் செய்ய மாட்டேன் சிஸ்டர். சிலுவ மட்டும் போட்டுட்டு வந்துருதேன்" என்று கெஞ்சினாள். சிலுவை போடுவதில் என்ன கெட்டுப்போகும் என்று அந்தப் பெண்ணும் கதவைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் உள்ளே போனாள். விரல் பட்டதும் ஜெரோனுக்கு உடம்பு தூக்கிப் போடும், வேர்த்துக் கொட்டும், நாக்கு கீழ் உதட்டைத் துழாவும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போக விடுக்கா, போக விடுக்கா" என்று அழுவான். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெளிச்சம் மினுக்கும்.

"பாத்தீங்களா சிஸ்டர், ஆவியானவர் எறங்குதாரு" என்று ரெமிஜா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இறங்கியது எது என்று புதுப்புடவை நாசமான அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் ஜெரோனைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவன் நெற்றியில் தன் விரலால் ஒரு வட்டம் போட்டார், ஒன்றும் இல்லை. ஒரு கோடு இழுத்தார், முகத்தைச் சுளித்தான். சிலுவை போட்டார். வயிற்றில் ஒன்றுமே மிச்சமில்லாதபோதும் அவன் நாற்காலியோடு சரிந்து ஓங்கரித்தான்.

டாக்டர் திரும்பி ரெமிஜாவைப் பார்த்தார். "உள்ள போனீங்களா?"

"சிலுவ மட்டுந்தான் டாக்டர்."

"எத்தன தடவ?"

அவள் பெருவிரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இத்தன வருசமா ஒங்க வெரல் அவன் நெத்தியில பட்டா அடுத்தது தூளு. பட்டா தூளு, பட்டா தூளு. மூளைக்குச் சாமியும் தெரியாது, அக்காளும் தெரியாது. எது முந்தி வந்துச்சு, எது பிந்தி வந்துச்சுன்னு மட்டுந்தான் தெரியும். ஊசியக் காட்டுனப்பக்கூட அவனுக்கு இவ்வளவு ஏக்கம் வரல. வேலி தப்பா ஒண்ணும் படிக்கலம்மா. சரியாத்தான் படிச்சிருக்கு."

"அத மட்டும் அழிச்சிர முடியாதா?"

"முடியாது. நீங்க சொன்ன பேச்சக் கேட்டு வெளிய நின்னிருந்தா, அதுக்கு ஒங்கள யாருன்னே தெரிஞ்சிருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். ரெமிஜா அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். துறைமுகத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தபடியே கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. சட்டை மடிப்புக் கலையாமல் போய்வந்தான். பழைய கூட்டாளிகள் எதிரே வந்தால் தெருவோரமாகக் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு நடையைக் கட்டுவான். தூள் கிட்ட வர முடியவில்லை. அக்காவும்தான்.

வேலி படிப்பதை நிறுத்துகிற ஜாதி இல்லை. முதலில் விரல். பிறகு அந்த விரலுள்ள கை. ரெமிஜா பேக்கரியில் மக்ரூன் போடுகிறவள். கையில் எப்போதும் முந்திரியும் சீனியும் மணக்கும். கொஞ்ச நாளில் அந்த மணமும் வேலிக்கு ஆகாமல் போயிற்று. பிறகு வாசலில் அவள் குரல். அவள் மாடிக்குக் குடிபோனாள். சமைத்துத் தூக்குச்சட்டியில் வைத்துப் படிக்கட்டில் இறக்கி வைப்பாள். அவள் மேலே ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அவன் வந்து எடுப்பான். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு செல்போனில் பேசிக்கொண்டார்கள், அதுவும் எழுத்தாக. சாம்பல் புதனுக்குக் கோயிலுக்குப் போனவன், சாமியார் நெற்றியில் சிலுவையாகச் சாம்பல் பூசியதும் பீடத்துக்கு முன்னாலேயே வாந்தி எடுத்தான். அதோடு கோயிலும் நின்றது.

"பேய் பிடிச்சவந்தான் சிலுவையக் கண்டா அலறுவான்னு கேட்டிருக்கேன்" என்றாள் பிலோமி சித்தி, குழாயடியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஒரு ஐப்பசி மழையில் ரெமிஜா காய்ச்சலில் விழுந்தாள். ஜெரோன் தண்ணீர்ச் செம்போடு மாடிப்படி ஏறினான். பாதியில் வேலி பிடித்துக்கொண்டது. செம்பு உருண்டது, அவனும் உருண்டான். படிக்கட்டின் அடியில் வாந்திக்குள் உட்கார்ந்து, "நீ ஏன்க்கா உள்ள வந்த? ஒன்ன யாரு வரச் சொன்னா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தி அழுதான். மேலே பாயில் கிடந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. பதில் சொல்லவில்லை. அவள் குரல் கேட்டால் இன்னும் வாந்தி எடுப்பான்.

அதனால்தான், வருஷங்கள் கழித்து, வேலியின் ஆயுசு முடியப் போகிறது, எடுத்துவிடலாம் என்று மையத்திலிருந்து செய்தி வந்த அன்று, ரெமிஜா மாடியில் முழங்காலில் விழுந்து கூப்பிய கையை வெகுநேரம் இறக்கவே இல்லை.

டாக்டர் ஆவுடைநாயகத்துக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவை, அவள் குரல் அந்தப் பக்கம் போகாதபடி, அறையின் ஒரு கோடியிலும் தம்பியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் உட்காரவைத்துப் பேசினார்.

"எடுத்துரலாம். ஆனா நான் அன்னைக்குச் சொன்னத மறந்துராதீங்க. மாடு இன்னும் வெளியதான் நிக்கி. வேலிய எடுக்குத அன்னைக்கே மாத்திரைய ஆரம்பிக்கணும். அந்தச் சிலுவ, அத ஒரு வருசத்துக்காவது தொடவே கூடாது. இன்னொண்ணு, இவன் ஒடம்பு பழைய ஒடம்பு இல்ல. அன்னைக்குத் தாங்குன அளவு இன்னைக்கு ஆளக் கொன்னுரும். அப்படி ஏதும் ஆச்சுன்னா மூக்குல அடிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. நின்ன மூச்சத் திருப்பிக் கொண்டாரும். வீட்டுல எப்பவும் ஒண்ணு வச்சிருக்கணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெரோன் மைக்கில் கேட்டான். "நான் நல்லாத்தான இருக்கேன், மாத்திர என்னத்துக்கு? வேலி இல்லாம இருக்க முடியுமான்னு எனக்கே தெரியல. நீ சொல்லுக்கா. நீ சொன்னா சரி."

மறுபடியும் அவள் கையில் வந்து விழுந்தது. அந்த வரிசை, அந்த மார்க்கெட் வழி, பிலோமி சித்தியின் வாய். மூக்கு மருந்து அலமாரியில் இருந்து, நாளைக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால்? இத்தனை வருஷமாக ஒரு பொட்டுத் தூள் தொடாத பிள்ளையை மறுபடி நோயாளியாக்குவதா? அதோடு, ஒளிப்பானேன், டாக்டர் சொன்னதில் அவள் காதில் ஏறியது 'எடுத்துரலாம்' என்ற ஒரு சொல்தான்.

"எடுத்துருங்க டாக்டர்" என்றாள். "மாத்திரயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். என் புள்ள எனக்குப் போதும்."

டாக்டர் வாதாடினார். கடைசியில், வேண்டாம் என்கிறவர்கள் வாயில் மருந்தைத் திணிக்கச் சட்டம் இல்லை என்று சொல்லி எழுந்துகொண்டார்.

ரெமிஜாவின் ஆயுளில் ஒரு வாரம் என்றால், வேலியை எடுத்த பிறகு வந்த அந்த முதல் வாரம்தான் வாரம். மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முதல் நாள் கதவோரம் நின்றாள், அவன் ஒன்றும் ஆகாமல் சிரித்தான். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீலாமீன் குழம்பு வைத்து ஒரே தட்டில் பிசைந்து அவன் வாயில் ஊட்டினாள். கிரேன் ஓட்டுகிற முப்பது வயசுக்காரன் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டான். "கையெல்லாம் சீனியாருக்கு, கொழம்பு இனிக்குக்கா" என்று கேலி செய்தான். அவள் சிரித்த சிரிப்பில் பிலோமி சித்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

சிலுவை மட்டும் போடவில்லை. அதில் உறுதியாகத்தான் இருந்தாள். அவன் வேலைக்குக் கிளம்பும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெருவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் தலை சீவிக்கொண்டு வந்தான். "பீச்சு வரைக்கும் போயிட்டு வாரேன்க்கா" என்றான். வாசலில் செருப்பை மாட்டினான். படி இறங்கவில்லை. திரும்பி வந்து, அவள் முன்னால் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினான்.

"போட்டு அனுப்புக்கா."

"வேண்டாம்லே. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எத்தன வருசம் ஆச்சு? எல்லாப் பயலும் சிலுவ வாங்கிட்டுத்தான் வெளிய போறான். நான் மட்டும் நாதியத்தவனா? போடுக்கா."

பிள்ளை தானாகக் கேட்கிறான். நெற்றியைக் கொண்டுவந்து விரலுக்கு எதிரில் வைத்திருக்கிறான். எந்த அக்காவால் முடியும்? ரெமிஜா மடக்கியிருந்த பெருவிரலை நீட்டினாள். மேலிருந்து கீழ். இடமிருந்து வலம். குறுக்குக் கோடு முழுசாக முடிந்தது. வாந்தி இல்லை, கூச்சல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நாக்கு மெல்ல வெளியே வந்து கீழ் உதட்டைத் துழாவிவிட்டு உள்ளே போயிற்று. கண்ணைத் திறந்து அழகாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் படி இறங்கினான்.

அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. பாடிக்கொண்டே உலை வைத்தாள், அரிசி களைந்தாள். களைந்த கை அப்படியே நின்றது. அந்த நாக்கு. மையத்துக் கட்டிலில் 'போக விடுக்கா' என்று அழும்போது உதட்டைத் துழாவிய அதே நாக்கு. சிலுவை வேண்டும் என்று கேட்டது தம்பி இல்லை. இத்தனை காலமும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மாடு கேட்டிருக்கிறது, இவளும் கதவைத் திறந்துவிட்டாள்.

ஆட்டோ பிடித்து உப்பளத்துக்கு ஓடினாள். கொட்டகையில் அவன் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கில் இருந்தான். உதடு நீலமாகிவிட்டது. பழைய ஆள் பழைய அளவைப் போட்டிருக்கிறான். வாயோடு வாய் வைத்து ஊதினாள், நெஞ்சைக் குத்தினாள். உப்பளத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் ஆவுடைநாயகம் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். உயிர் எப்போதோ போயிருந்தது. தன் மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத மூக்கு மருந்தை எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்பவும் உள்ளே வைத்தார். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கோயில் மணி அடித்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அவன் நெற்றியில் சிலுவை போட்டார்கள். ரெமிஜா சுவரோரம் கையைப் பின்னால் கட்டி, பெருவிரலை மடக்கிக்கொண்டு நின்றாள். பிலோமி சித்திதான் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"போடுட்டி. நீ போடாம யாரு போடுவா? கடைசியா ஒரு தடவ போட்டு அனுப்பு."

ரெமிஜா போனாள். குனிந்து, சில்லிட்ட நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடும், இடமிருந்து வலமாக ஒரு கோடும் இழுத்தாள். விரலை எடுக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. இந்தத் தடவை அவன் எங்கும் போகவில்லை.